ஸ்ட்ரட் பார்: குழிக்காக வந்த கம்பி

காரை மாற்றியமைப்பதில் ஆர்வமுள்ள யாராவது பானட்டைத் திறந்து காட்டினால், இன்ஜினுக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பிலோ நீலத்திலோ பளபளவென்று இருக்கும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஷாக் டவரையும் இன்னொரு பக்க டவரையும் இணைக்கும். பெயர் ஸ்ட்ரட் பார். நான்கு போல்ட், அரை மணி நேர வேலை. "மாட்டின பிறகு வளைவுல வண்டி ரயில் மாதிரி போகுது சார்" என்று என் அலுவலக நண்பர் ஒருவர் சத்தியம் செய்தார். உண்மையா என்று தோண்டப் போய்தான் இந்தக் கட்டுரை. தோண்டியதில் கம்பியின் பலனைவிட அதன் பூர்வீகம் எனக்கு சுவாரசியமாகப் பட்டது. பூர்வீகம் தெரிந்தால் பலனும் பாதி புரிந்துவிடுகிறது.

கதை ஃபோர்டு ஃபால்கனில் தொடங்குகிறது. 1959 இறுதியில் அமெரிக்காவில் வந்த சிக்கனமான சின்னக் கார். லாரிக்கு இருப்பது மாதிரி தனியாக ஒரு சட்டகம் இதற்குக் கிடையாது. தகரத்தை வளைத்துப் பற்றவைத்த உடம்பேதான் சட்டகம். முன்பக்க ஸ்பிரிங், மேல் கைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதன் மேல் முனை, இன்ஜினுக்கு இருபுறமும் நிற்கும் தகரக் கூண்டில் போய் முட்டும். இந்தக் கூண்டுதான் ஷாக் டவர். சக்கரம் குழியில் விழுந்தால் அந்த அடி நேராக டவருக்குப் போகும்.

அமெரிக்க நெடுஞ்சாலையில் இது பிரச்சினையே இல்லை. ஆனால் அடுத்த வருடமே ஃபால்கன் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அங்கே ஊருக்கு வெளியே கால் வைத்தால் புழுதியும் கல்லும்தான். முன் சஸ்பென்ஷன் தாங்கவில்லை. ஃபால்கனின் பெயர் அங்கே ரொம்பக் கெட்டுப்போய், ஃபோர்டு ஆஸ்திரேலியா ஒவ்வொரு மாடலிலும் எதையாவது பலப்படுத்திக்கொண்டே வந்தது. 1965-ல் எக்ஸ்பி என்ற மாடலின் உடம்பை நன்றாக வலுப்படுத்தினார்கள். பிறகு தங்கள் யூ யாங்ஸ் சோதனைத் தடத்தில் ஐந்து கார்களை இரவு பகலாக ஓட்டி மொத்தம் 70,000 மைல் ஓடவைத்துக் காட்டினார்கள். மானத்தைக் காப்பாற்றச் செய்த காரியம்.

அதே காலத்தில் ஃபோர்டு ஃபால்கனை மான்டி கார்லோ ராலிக்கும் அனுப்பியது. 1963-ல் ஸ்வீடன்காரரான போ லியுங்ஃபெல்ட் ஃபால்கனில் வேகம் காட்டினார். 1964-ல் ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாக வந்தார். முதலாவது வந்தது யார் தெரியுமா? பேடி ஹாப்கிர்க், மினி கூப்பரில். பனி படர்ந்த மலைப்பாதையில் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காரும் தீப்பெட்டி மாதிரி ஒரு மினியும் மோதிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்த ராலியின் பெயர் இரண்டு டவர்களையும் குறுக்காக இணைக்கும் கம்பிக்கு ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் இன்றும் அதை "மான்டி கார்லோ பார்" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

அதற்கு ஒரு அண்ணன் உண்டு, "எக்ஸ்போர்ட் பிரேஸ்". 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங், ஃபால்கனின் அடித்தளத்தின்மேல் கட்டியது. உள்நாட்டு மஸ்டாங்கில் ஒவ்வொரு டவரிலிருந்தும் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகரத்துக்கு ஒரு சின்னத் தகரப்பட்டை போகும். வெளிநாட்டுக்குப் போன வண்டிகளில் இந்த இரண்டு பட்டைகளுக்குப் பதில் முக்கோண வடிவில் ஒரே கனமான துண்டு. ஜெர்மனிக்குப் போனவற்றிலும் இது இருந்தது. (அங்கே மஸ்டாங் என்ற பெயரை க்ரூப் நிறுவனம் தன் லாரிக்கு ஏற்கெனவே வைத்திருந்ததால் நம்ம மஸ்டாங் டி-5 என்ற பெயரில் விற்றது. இந்த மாதிரி துணுக்குகளுக்காகவே நான் இதையெல்லாம் படிக்கிறேன்.)

பெயரைக் கவனியுங்கள். "எக்ஸ்போர்ட்". மோசமான சாலைக்குப் போகிற வண்டிக்கு முட்டுக்கொடுப்பது. வளைவில் வேகமாகப் போவது பற்றி இங்கே பேச்சே இல்லை.

அப்படியானால் வளைவு எப்போது வந்தது? கரோல் ஷெல்பியோடு. 1965 ஜனவரியில் வந்த ஷெல்பி ஜிடி350, மஸ்டாங்கை அமெரிக்கப் பந்தயங்களின் பி-புரொடக்‌ஷன் வகுப்பில் ஜெயிக்க வைப்பதற்காகச் செய்தது. எக்ஸ்போர்ட் பிரேஸ், மான்டி கார்லோ பார் இரண்டையும் அதில் மாட்டினார்கள். கூடவே வேறு என்னென்ன மாற்றினார்கள் என்று பாருங்கள். முன்பக்க மேல் கையின் அச்சை ஒரு அங்குலம் கீழே இறக்கினார்கள். ஒரு அங்குலத் தடிமனில் புதிய ஆன்டி-ரோல் பார். கோனி டேம்பர்கள். வேகமான ஸ்டியரிங். பின் அச்சைப் பிடித்துவைக்கத் தனிக் கம்பிகள். வேறு டயர். கென் மைல்ஸ் அதை ஓட்டி ஓட்டிப் பதம் பார்த்தார். வண்டி ஜெயித்தது. முதல் வருடமே வகுப்பின் தேசிய சாம்பியன் பட்டம்.

இப்போது ஒரு ரசிகனின் இடத்தில் நின்று யோசியுங்கள். ஜெயித்த காரின் பானட்டைத் திறந்தால் கண்ணில் படுவது எது? குறுக்கே ஓடும் கம்பி. ஒரு அங்குலம் இறங்கிய அச்சு கண்ணுக்குத் தெரியாது. டேம்பருக்கு உள்ளே இருக்கும் வால்வும் தெரியாது. ஒரே நேரத்தில் பத்து மாற்றங்களை புரொடக்‌ஷனில் ஏற்றிவிட்டு, "சர்வர் வேகமாயிடுச்சு, எந்த கமிட்டால?" என்று கேட்பது எங்கள் தொழிலில் தினசரி நடக்கும் கூத்து. இங்கேயும் அதுதான்.

அச்சை இறக்கிய யோசனை ஃபோர்டின் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங்குடையது. 1960-களின் தொடக்கத்திலேயே சஸ்பென்ஷன் கோணங்களைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்த மனிதர். அந்த ஒரு அங்குலத்தால், வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் தரையோடு நிமிர்ந்து நிற்கும். பிடி கூடும். ஆனால் வேலை அதிகம், காசும் அதிகம். 1966 மாடலின் நடுவிலேயே ஷெல்பி அதைக் கைவிட்டார். கம்பிகள் மட்டும் தங்கிவிட்டன. விலை குறைவு, பார்க்கவும் நன்றாக இருக்கிறது!

சரி, வரலாறு இருக்கட்டும். கம்பி ஏதாவது செய்கிறதா இல்லையா?

கயிற்றைக் கட்டிப் பார்ப்பதுபோல விசைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இரண்டு பேர் ஒரு கம்பின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் மோதுகிற மாதிரித் தள்ளினால், நடுவில் இருக்கும் கம்பு தடுக்கும். ஆனால் இருவரையும் ஒரே திசையில், உதாரணமாக இருவரையும் கிழக்கே தள்ளினால்? கம்பும் அவர்களோடு சேர்ந்து கிழக்கே போகும். ஒரு உபயோகமும் இல்லை.

மஸ்டாங் குழியில் விழும்போது நடப்பது முதல் வகை. காலப்போக்கில் இரண்டு டவர்களும் உள்நோக்கி, ஒன்றையொன்று பார்த்துச் சாயும். குறுக்குக் கம்பி அதைக் கச்சிதமாகத் தடுக்கும். வளைவில் நடப்பது இரண்டாவது வகை. காரை இடப்பக்கம் திருப்பினால் நான்கு டயர்களிலும் தரை தரும் விசை இடப்பக்கம்தான். அந்த விசை சஸ்பென்ஷன் வழியாக மேலே ஏறும்போது, கீழ்க் கையை அச்சாகக் கொண்ட நெம்புகோல் மாதிரி, மேல்முனையில் எதிர்த்திசையில் தள்ளும். இரண்டு டவர்களுக்கும் வலப்பக்கத் தள்ளல். இரண்டும் ஒரே திசை! வெளிப்பக்கச் சக்கரத்தில் பாரம் கூடுதலாக இருப்பதால் தள்ளல்களின் அளவில் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பங்குபோட்டுக் கொடுப்பது மட்டுமே குறுக்குக் கம்பியின் வேலை. இரண்டையும் சேர்த்துத் தடுக்க வேண்டுமென்றால் கம்பி பின்னால் ஃபயர்வாலுக்கும் போக வேண்டும், முக்கோணமாக. ஆக, வளைவுக்கு ஓரளவாவது உதவக்கூடியது அழகான மான்டி கார்லோ பார் இல்லை, அசிங்கமான எக்ஸ்போர்ட் பிரேஸ்தான்.

எந்தக் காரில் மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். இன்றைய சாதாரணக் கார்களில் இருக்கும் மேக்பெர்சன் ஸ்ட்ரட்டில், பக்கவாட்டு விசையின் பெரும்பங்கை வாங்குவது கீழ்க் கை. வழக்கமான அளவுகளை வைத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மேல் முனைக்குப் போவது டயர் விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மஸ்தா எம்எக்ஸ்-5 போன்ற காரிலோ இன்னும் மோசம். அதில் மேல் கை, கீழ்க் கை இரண்டுமே அடியில் இருக்கும் சப்ஃப்ரேமில் மாட்டியிருக்கும். டவருக்குப் போவது ஸ்பிரிங், டேம்பர் விசை மட்டும். அங்கே டவர்களை இணைப்பது, வீட்டு அஸ்திவாரம் ஆடுகிறது என்று மொட்டைமாடிச் சுவருக்கு முட்டுக்கொடுப்பது மாதிரி.

இது டவர்களின் கதை. முழு உடம்பின் முறுக்கு விறைப்பு தனி விஷயம். துண்டைப் பிழிவதுபோல் காரின் முன்பக்கத்தை ஒரு பக்கமும் பின்பக்கத்தை மறுபக்கமும் முறுக்கினால், ஒரு டிகிரி திரும்ப எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் அந்த அளவு. வளைவில் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குப் பாரம் மாறும். அதில் முன்பக்கம் எவ்வளவு வாங்குகிறது, பின்பக்கம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் கார் மூக்கை வெளியே தள்ளுமா, வாலை ஆட்டுமா என்பது பெரிதும் முடிவாகிறது. அந்தப் பங்கீட்டை ஸ்பிரிங்கையும் ஆன்டி-ரோல் பாரையும் மாற்றி நாம் தீர்மானிக்கிறோம். நடுவில் இருக்கும் உடம்பு துவண்டால் நம் தீர்மானம் மறுமுனைக்குப் போய்ச் சேராது. சேஸிஸ் விறைப்பு வேண்டும் என்பதற்கான நேர்மையான காரணம் இதுதான்.

எவ்வளவு சேராது? பத்து வரி பைத்தானில் பார்த்துவிட்டேன். சாலைக்கான சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாய்வை எதிர்க்கும் விறைப்பு முன்னால் டிகிரிக்கு 600 நியூட்டன்-மீட்டர், பின்னால் 400. சாய்க்கும் விசை முன்னும் பின்னும் சரிபாதி. உடம்பு கல் மாதிரி இருந்தால் முன்பக்கத்தின் பங்கு சரியாக 60 சதவீதம். உடம்பு துவளக்கூடியது, டிகிரிக்கு 5,000 நியூட்டன்-மீட்டர்தான் என்று வைத்தால் 59.5 சதவீதம். கம்பிகளாக மாட்டி அதை 6,000 ஆக்கினால் (ஒரு ஸ்ட்ரட் பார் இவ்வளவு தரவே தராது, தாராளமாகவே வைத்துக்கொள்வோம்) 59.6. அவ்வளவுதான் வித்தியாசம். அதே காரில் முன் ஆன்டி-ரோல் பாரைக் கொஞ்சம் தடிமனாக்கி 600-ஐ 700 ஆக்கினால் பங்கு 63-க்கு ஓடிவிடுகிறது. உடம்பில் 1,000 கூட்டி 0.1 கூடக் கிடைக்கவில்லை, பாரில் 100 கூட்டி 3.5 கிடைக்கிறது.

இப்போது பந்தயக் காருக்கு வாருங்கள். ஸ்பிரிங்குகள் பத்து மடங்கு விறைப்பு, முன்னால் 6,000, பின்னால் 4,000. அதே 5,000 உடம்பில் முன்பங்கு 56.8 சதவீதமாக விழுகிறது. நாம் கேட்டது 60. உடம்பை 20,000 ஆக்கினால் 58.9. இங்கே உடம்பின் விறைப்பு ஆடம்பரம் இல்லை, அத்தியாவசியம். ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ அதைப் பொறுத்துத்தான் உடம்பின் விறைப்புக்கு மதிப்பு.

பந்தய வரலாறும் இதையேதான் சொல்கிறது. 1970-களின் இறுதியில் கிரவுண்ட் எஃபெக்ட் வந்து, காரைக் காற்றே தரையோடு அழுத்தத் தொடங்கியபோது ஸ்பிரிங்குகள் கட்டை மாதிரி ஆயின. உடனே அலுமினிய உடம்புகள் துவள ஆரம்பித்தன. ஜான் பர்னார்ட் 1981-ல் மெக்லாரன் எம்பி4/1-ஐ கார்பன் இழையில் செய்தார். அடியில் காற்றுச் சுரங்கத்துக்கு இடம்விட உடம்பை ஒல்லியாக்க வேண்டியிருந்தது, ஒல்லியான அலுமினியம் போதுமான விறைப்பைத் தராது என்பதுதான் அவர் அங்கே போனதற்குக் காரணம். ஃபார்முலா ஒன்னில் யாருக்கும் அந்த வேலை தெரியாததால் அமெரிக்காவின் யூட்டாவில் இருந்த ஹெர்குலிஸ் என்ற விண்வெளி நிறுவனத்தில் செய்து வாங்கினார்கள்.

அதற்கு முன் 1962-ல் காலின் சாப்மன் கதை இருக்கிறது. அவருடைய லோட்டஸ் 25, குழாய்ச் சட்டகம் கொண்ட 24-ஐவிட மூன்று மடங்கு விறைப்பு, பாதி எடை என்று சொல்வார்கள். ஓட்டல் நாப்கினில் வரைந்து தொடங்கிய வடிவம். ஆனால் இரண்டும் ஒன்றாக ஓடிய முதல் பந்தயமான ஸாண்ட்வோர்ட்டில் நடந்தது வேடிக்கை. ஜிம் கிளார்க் 25-ல் தொடக்கத்தில் முன்னால் போனார், கிளட்ச் காலை வாரியது. இரண்டாவதாக முடித்தது பழைய 24-ல் இருந்த ட்ரெவர் டெய்லர்! அடுத்த வருடம் கிளார்க் ஏழு பந்தயம் ஜெயித்துப் பட்டம் வாங்கியதும் இந்தக் கதையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சாப்மன் ஸ்பிரிங்குகளை மென்மையாகவே வைத்திருந்தார் என்பதும் கவனிக்க வேண்டியது. உடம்பு உறுதியாக நின்றால் சக்கரங்களை அவற்றின் போக்கில் விடலாம் என்பது அவர் கணக்கு.

"விறைப்பு கூடக் கூட நல்லது" என்பவர்களுக்கு நான் காட்டுவது கோ-கார்ட். அதில் சஸ்பென்ஷனே கிடையாது, பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும். குழாய்ச் சட்டகம் முறுக்கிக்கொண்டு உட்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கினால்தான் வண்டியே திரும்பும். சமமில்லாத தரையில் இரும்பு ஸ்டூல் ஆடும், பழைய கயிற்றுக்கட்டில் நாலு காலையும் ஊன்றி நிற்கும், இல்லையா? அது மாதிரி. ஈரத் தடத்தில் சட்டகத்திலிருந்து கம்பியைக் கழற்றுவார்கள், மாட்ட மாட்டார்கள். பந்தய பைக்குகளிலும் சட்டகம் பக்கவாட்டில் கொஞ்சம் துவள வேண்டும். பைக் படுத்துக்கொண்டு வளையும்போது ஸ்பிரிங்கின் திசை வேறு, குழியின் திசை வேறு. அந்த அடியைச் சட்டகம்தான் வாங்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் என் நண்பர் கேட்பது ஒரே கேள்வி: "அப்போ எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் பொய்யா?" பொய் என்று சொல்ல மாட்டேன். எம்எக்ஸ்-5-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் பழைய லோட்டஸ் எலானை மனதில் வைத்து மஸ்தா செய்த கூரையில்லாத கார். 1994 மாடலில் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது, சீட்டுகளுக்குப் பின்னால் பெல்ட் கோபுரங்களை இணைத்து ஒரு குறுக்குத்தண்டும், அடியில் சப்ஃப்ரேம்களுக்குக் கம்பிகளும் மஸ்தாவே சேர்த்தது. கம்பெனிக்காரன் காசு செலவழித்துச் சேர்த்தால் அதில் காரியம் இருக்கும். கூரையை வெட்டிய உடம்பு, மூடியில்லாத ஷூ பெட்டி. சக்கரம் தன் போக்கில் துள்ளும் அதிர்வு விநாடிக்கு 10 முதல் 15 தடவை. உடம்பின் இயல்பு அதிர்வு அதற்குப் பக்கத்தில் வந்து நின்றால் டேஷ்போர்டும் ஸ்டியரிங்கும் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கும். சரியான இடத்தில் ஒரு கம்பி அந்த அதிர்வை மேலே தள்ளிவிடும். நடுக்கம் குறைந்த ஸ்டியரிங்கில் டயர் சொல்வது தெளிவாகக் கேட்கும், ஓட்டுகிறவருக்கு நம்பிக்கை வரும். டயரின் பிடியில் ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது.

யமஹா இந்த உணர்வை வேறு வழியில் பிடித்தது. 2000-களின் தொடக்கத்தில் காரின் உடம்புக்குக் குறுக்கே மாட்டும் ஒரு டேம்பரைக் கொண்டுவந்தார்கள். லெக்ஸஸ் சிலவற்றில் கம்பெனியிலிருந்தே வருகிறது. உடம்பு அசைவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அந்த அசைவை விறைப்பால் தடுக்காமல் எண்ணெயில் கரைத்துவிடுகிறது. கம்பி மாட்டியவர்கள் "உணர்ந்த" விஷயத்தின் பெரும்பகுதி இந்த அதிர்வுதான் என்பது என் முடிவு. சந்தேகம் இருந்தால் வழி எளிது. வேறு எதையும் மாற்றாமல், நமக்குத் தெரியாமல் இன்னொருவரைக் கம்பியின் போல்ட்டை இறுக்கியோ தளர்த்தியோ வைக்கச் சொல்லி, ஒரே பாதையில் சில தடவை ஓட்டிப் பார்த்து எது எப்போது என்று எழுத வேண்டும். நண்பரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் நாள் குறிக்கவில்லை.

பழைய மஸ்டாங் வைத்திருக்கும் அமெரிக்கர்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை. அறுபது வருடம் ஓடிய வண்டிக்குப் புதிதாக மான்டி கார்லோ பார் வாங்கி வருவார்கள். ஒரு முனையில் போல்ட் ஏறும், மறுமுனையில் துளை பொருந்தாது. இத்தனை வருடக் குழிகளில் டவர்கள் உள்ளே சாய்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஜாக்கியைப் படுக்கவைத்து, துளை நேராகும்வரை மெதுவாக விரித்து, பிறகு போல்ட்டைப் போடுவார்கள்.